லூமென் என்னும் மந்திரம்

ஒரு சொல்லின் பொருள் இன்னதென்று அறியாமலே அந்தச் சொல்லுக்குப் பயந்து அடங்கிப் போவது என்பது நம் ஜனங்களுக்கு வெகு காலமாகப் பழகிப் போன ஒரு காரியமாகும். கலியாணத்திலும், கருமாதியிலும், புது வீடு புகுவதிலும் நமக்குத் தெரியாத ஒரு பாஷையில் ஒருவர் எதையோ சொல்லுவதும், நாம் கையைக் கட்டிக்கொண்டு நின்று, முடிந்தவுடன் பணத்தைக் கொடுத்து அனுப்புவதும், "அதற்கு அர்த்தம் என்ன?" என்று யாராவது ஒரு வாலிபன் கேட்டுவிட்டால் வீட்டுப் பெரியவர்களே அவன் வாயை அடக்குவதும் யாவரும் அறிந்ததேயாகும். அதைப்பற்றி எழுத இன்று நாம் வரவில்லை. ஆனால் அந்தப் பழக்கமானது அவ்விடத்தோடு நில்லாமல் கடைத்தெருவிற்கும், பள்ளிக்கூடத்திற்கும், பொதுக்கூட்ட மேடைக்கும் வந்து குடியேறி விட்டது என்பதையும், அங்கே அது விஞ்ஞானம் என்கின்ற சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றது என்பதையும் பற்றியே எழுத வேண்டியதாய் இருக்கின்றது.

சென்ற சாரல் காலத்தில் தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் அருகாமையிலுள்ள ஒரு சிற்றூருக்கு நாம் போகும்படி நேர்ந்தது. அவ்வூரில் சில வாலிபத் தோழர்கள் ஒரு படிப்பகம் நடத்தி வருகின்றார்கள். சாயங்கால வேளைகளில் பிள்ளைகளைக் கூட்டிவைத்து வான சாஸ்திரம், உடற்கூறு, சுகாதாரம் முதலியவைகளைப் படமாகக் காட்டினால் மனதில் நன்றாய்ப் பதியும் என்று கருதி, புரொஜெக்டர் என்னும் படங்காட்டும் பெட்டி ஒன்று வாங்கத் தீர்மானித்து, வீடு வீடாகச் சென்று பணம் சேர்த்தார்கள். பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்கள்கூட ஆளுக்குப் பத்தும் இருபதுமாகக் கொடுத்தார்கள். இவ்விதம் சேர்ந்த பதினெட்டாயிரம் ரூபாயுடன் ஒரு கடைக்குப் போனார்கள். அங்கிருந்த பெட்டி ஒன்றின் மேல் "9500 லூமென்" என்றும், "4கே" என்றும், "10000:1" என்றும், "200 அங்குலம்" என்றும் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. கடைக்காரர் அந்த நான்கு வரிகளையும் தோத்திரப் பாட்டு ஒப்புவிப்பதுபோல் ஒப்புவித்தார். தோழர்கள் தலையை ஆட்டிவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

நாம் போன அன்று மாலை நான்கு மணிக்குச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் பெட்டியை ஓட்டினார்கள். வேட்டிதான் தெரிந்ததே ஒழிய, படம் தெரியவில்லை. இருட்டிய பிறகு விளக்கை அணைத்துவிட்டு ஓட்டினார்கள். படம் என்று ஏதோ ஒன்று தெரிந்தது. ஆனால் அதிலிருந்த எழுத்துக்களை முதல் வரிசையில் இருந்தவர்களாலும் படிக்க முடியவில்லை. ஒன்பதாவது வகுப்பு வாசிக்கும் ஒரு பெண் குழந்தை எழுந்து, "சனிக்கு வளையம் இருக்கிறது என்று சொன்னீர்களே, அது எங்கே?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. பின்னால் நின்று கொண்டிருந்த ஒரு தாயார், "நாங்கள் கொடுத்த காசுக்கு இதுதானா?" என்று மெதுவாய்ச் சொன்னார். அதற்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

மறுநாள் ஒரு தோழர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் சொன்ன பதில் என்னவென்றால், "அண்ணாச்சி, இதெல்லாம் டெக்னிக்கல் சமாச்சாரம், சொன்னாலும் உங்களுக்கு விளங்காது" என்பதாகும். தோழர் திரும்பி வந்துவிட்டார். "வாங்கும்போதே இந்த வார்த்தைகளுக்கு அர்த்தம் என்னவென்று ஏன் கேட்கவில்லை?" என்று நாம் கேட்டோம். "கேட்டால் பட்டிக்காட்டான் என்று நினைத்துவிடுவார்களே என்று வெட்கமாய் இருந்தது" என்றார்.

வாசகர்களே! பதினெட்டாயிரம் ரூபாய் போனதைவிட இந்த வெட்கந்தான் நமக்குப் பெரிய நஷ்டமாய்த் தோன்றுகின்றது. தெரியாததைக் கேட்பதில் என்ன வெட்கம் இருக்கின்றது? வெட்கப்பட வேண்டியவர் அர்த்தம் தெரியாமல் ஒரு சொல்லைச் சொல்லி விற்றவரேயல்லாமல், அர்த்தம் தெரியாமல் கேட்டவர் அல்ல. அந்தக் கடைக்காரருக்கும் லூமென் என்றால் இன்னதென்று தெரிந்திருக்கும் என்று நாம் நினைக்கவில்லை. பெட்டி செய்தவன் அச்சிட்டதை அவர் படித்தார். அவர் படித்ததை இவர்கள் கேட்டார்கள். தெரியாத ஒருவர் சொல்ல, தெரியாத நால்வர் கேட்டுத் தலையாட்டுவதற்குத்தான் மந்திரம் என்று பெயர்.

நிற்க, அந்தச் சொற்களில் அப்படி என்ன விளங்காத சங்கதி இருக்கின்றது என்று பார்ப்போம்.

லூமென்

லூமென் என்பது லத்தீன் பாஷையில் வெளிச்சம் என்று பொருள்படும் ஒரு சொல். ஒரு விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த வெளிச்சத்திற்கு அதுவே அளவு. லக்ஸ் என்பது அந்த வெளிச்சம் ஒரு சதுர மீட்டர் இடத்தில் எவ்வளவு விழுகின்றது என்பதாகும். குற்றாலத்தில் குளித்தவர்களுக்கு இதில் சிரமம் ஒன்றும் இல்லை. பேரருவியில் ஒரு நிமிஷத்திற்கு எவ்வளவு தண்ணீர் கொட்டுகின்றதோ அது லூமென் மாதிரி. உங்கள் தலையில் எவ்வளவு விழுகின்றதோ அது லக்ஸ் மாதிரி. அதே தண்ணீரை ஐந்தருவியில்போல் ஐந்தாகப் பிரித்துவிட்டால் ஒவ்வொரு கிளையின் கீழும் நிற்பவனுக்குக் கிடைப்பது குறைந்துதானே போகும்?

கணக்கையும் போட்டுப் பாருங்கள். 3000 லூமென் வெளிச்சத்தை 2 மீட்டர் அகலமும் 1½ மீட்டர் உயரமும் உள்ள திரையில், அதாவது 3 சதுர மீட்டரில் விட்டால், 1000 லக்ஸ் கிடைக்கும். அதே பெட்டியைப் பின்னுக்குத் தள்ளி 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் ஆக்கினால் 12 சதுர மீட்டர் ஆகின்றது. கிடைப்பது 250 லக்ஸ். அகலத்தை இரட்டித்தால் வெளிச்சம் பாதியாவதில்லை, கால்வாசியாகின்றது. "200 அங்குலம் வரை காட்டும்" என்று பெருமையாய்ச் சொல்லுகின்றார்களே, அத்தனை அங்குலத்திற்கு விரித்தால் படம் எவ்வளவு மங்கும் என்று அதே வாயால் சொல்லுகின்றார்களா?

இதைவிடப் பெரிய புரட்டு லூமெனை எங்கே வைத்து அளப்பது என்பதில் இருக்கின்றது. யோக்கியமான அளவு என்பது திரையை ஒன்பது சம பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தின் நடுவிலும் விழும் வெளிச்சத்தை அளந்து, சராசரி எடுத்து, திரையின் பரப்பால் பெருக்கிச் சொல்லுவதாகும். அமெரிக்க தேசியத் தர நிர்ணய நிலையம் 1992ஆம் வருஷத்தில் வகுத்த இந்த முறையினால்தான் "ஆன்சி லூமென்" என்கின்ற பெயர் வந்தது. சர்வதேசத் தர ஸ்தாபனமும் ஐ.எஸ்.ஓ. 21118 என்ற விதியில் இதே மாதிரி முறையை வைத்திருக்கின்றது. ஆனால் மலிவுப் பெட்டி விற்பவர்களில் பலர், உள்ளே இருக்கும் விளக்கின் வெளிச்சத்தையே லூமென் என்று அச்சிட்டு விடுகின்றார்கள். சிலர் எதையும் அளக்காமலே அச்சிடுகின்றார்கள். விளக்கிலிருந்து புறப்படும் வெளிச்சத்தில் பெரும் பாகம் உள்ளேயிருக்கும் தகட்டிலும் கண்ணாடியிலும் செலவாகிவிட்டு மீதிதான் திரைக்கு வருகின்றது. மலையில் பெய்த மழையையெல்லாம் கணக்கெழுதி, "இவ்வளவும் உன் வயலுக்குப் பாய்ந்தது" என்று வரி கேட்பது நியாயமானால் இதுவும் நியாயமாகும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வெள்ளை வெளிச்சம் வேறு, வர்ண வெளிச்சம் வேறு. சில பெட்டிகளில் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகள் பதித்த ஒரு சிறு சக்கரம் சுழன்று வர்ணத்தைக் கொடுக்கின்றது. அந்தச் சக்கரத்தில் வெள்ளைத் துண்டு ஒன்றையும் சேர்த்துவிட்டால் வெள்ளை அதிகப் பிரகாசமாகும். வர்ணங்கள் அந்த அளவுக்குப் பிரகாசமாவதில்லை. ஆகையால் வர்ணத்தில் எத்தனை லூமென் என்றும் கேட்க வேண்டும்.

கறுப்பு எங்கே?

இனி "10000:1" என்பதைப் பார்ப்போம். படத்தின் மிக வெளுத்த இடம் மிகக் கறுத்த இடத்தைப்போல எத்தனை மடங்கு பிரகாசம் என்பதே இதன் பொருள். ஆங்கிலத்தில் கான்ட்ராஸ்ட் என்பார்கள்.

குற்றாலத்துச் சித்திர சபையின் சுவர்ச் சித்திரங்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கறுப்பு என்பது கறுப்பு வர்ணம்; பகலில் பார்த்தாலும் கறுப்புத்தான். புரொஜெக்டருக்கோ கறுப்பு வர்ணம் கிடையாது. அதற்கு வெளிச்சத்தை எறியத் தெரியுமே ஒழிய இருட்டை எறியத் தெரியாது. கறுப்பாய் இருக்க வேண்டிய இடத்தில் அது வெளிச்சத்தை அனுப்பாமல் இருக்கும், அவ்வளவுதான். அந்த இடத்தில் ஜன்னல் வெளிச்சம் விழுந்தால் வெள்ளை வேட்டி வெள்ளையாகத்தானே தெரியும்? கீற்றுக் கொட்டகையில் படம் காட்டினவர்கள் சூரியன் அஸ்தமித்த பிறகே முதல் ஆட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்களுக்கு கான்ட்ராஸ்ட் என்ற வார்த்தை தெரியாமல் இருந்திருக்கலாம். சங்கதி நன்றாய்த் தெரிந்திருந்தது. இன்று வார்த்தை எல்லோருக்கும் தெரிகின்றது, சங்கதிதான் தெரிவதில்லை.

அந்தப் படிப்பகத்தின் பெட்டி உண்மையில் 300 ஆன்சி லூமென் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுவோம். அந்த மாதிரிப் பெட்டிகளுக்கு அது கெட்ட அளவல்ல. 200 அங்குலப் படம் என்பது சுமார் 11 சதுர மீட்டர். ஆகவே படத்தின் வெள்ளை இடத்தில் விழுவது சுமார் 27 லக்ஸ். வகுப்பறையில் படிப்பதற்கு வேண்டிய வெளிச்சம் 300 லக்ஸ் என்பது பொதுக் கணக்கு. அவ்வளவு வெளிச்சம் திரையிலும் விழுந்தால் கறுப்பு இடத்தில் 300, வெள்ளை இடத்தில் 327. பத்தாயிரம் மடங்கு என்று அச்சிட்ட இடத்தில் ஒன்றேகால் மடங்குகூட இல்லை. நாலு மணிக்கு வேட்டி மாத்திரம் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். இதில் பெட்டியின் கிரகச்சாரமும் இல்லை. பிள்ளைகளின் கண் கோளாறும் இல்லை.

புள்ளிக் கணக்கு

அடுத்தது "4கே". திரையில் தெரியும் படம் எல்லாம் புள்ளிகளால் ஆனது. ஒரு புள்ளிக்கு ஆங்கிலத்தில் பிக்சல் என்று பெயர். படத்தின் துணுக்கு என்று பொருள்படும் இரண்டு சொற்களைக் குறுக்கி ஒட்டிய பெயர் அது. கோலம் போடும் பெண்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. ஐந்து புள்ளி வைத்த கோலத்தில் ஒரு சிறு பூவைத்தான் போடலாம். இருபத்தொரு புள்ளி வைத்தால் தேரையே போடலாம். படத்திற்கும் அதுவே விதி.

வீட்டு டெலிவிஷனில் 4கே என்றால் அகலத்தில் 3840, உயரத்தில் 2160, ஆக 82,94,400 புள்ளிகள். சினிமாக் கொட்டகைக் கணக்கில் அகலம் 4096. புல் எச்.டி. என்பது 1920க்கு 1080, ஆக 20,73,600. பள்ளிக்கூடங்களில் அதிகமாய் வழங்கி வந்த எக்ஸ்.ஜி.ஏ. என்பது 1024க்கு 768, ஆக 7,86,432.

அப்படியானால் அந்தப் பெட்டியில் ஏன் எழுத்துத் தெரியவில்லை? சனியின் வளையத்தைத் தேடிய அதே பெண் குழந்தைதான் இதைக் கண்டுபிடித்தாள். பெட்டியோடு வந்த சிறு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில் "நேட்டிவ் 800 x 480" என்று போட்டிருந்ததை அவள் படித்துக் காட்டினாள். பெருக்கிப் பார்த்தால் 3,84,000 புள்ளிகள். அதாவது 4கே படத்தின் இருபத்தொரு புள்ளிக்கு மேற்பட்டதை அரைத்து ஒரு புள்ளியாக்கித்தான் அந்தப் பெட்டி காட்டும். அட்டையின் மேல் "4கே" என்று பெரிதாய்ப் போட்டு, அதன் பக்கத்தில் "சப்போர்ட்" என்று சிறிதாய்ப் போட்டிருந்ததன் இரகசியம் இதுதான். 4கே படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்று அர்த்தமே தவிர, வெளியே காட்டும் என்று அர்த்தமல்ல. ஆயிரம் பேருக்குப் பந்தி என்று பத்திரிகை அடித்துவிட்டு, ஐம்பது இலையை மாத்திரம் போட்டு, "ஆயிரம் பேரும் வந்து நிற்கலாம் என்றுதானே சொன்னோம்?" என்று ஒருவன் கேட்டால் அவனை என்ன செய்வோம்?

ஆகவே கேட்க வேண்டிய சொல் "நேட்டிவ்", அதாவது பெட்டிக்குச் சொந்தமான புள்ளி எத்தனை என்பது. மற்றதெல்லாம் இரவல் நகை.

தூரமும் கோணமும்

"த்ரோ" என்றால் எறிதல். பெட்டிக்கும் திரைக்கும் உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது எறி விகிதம். அது 1.5 என்றால் 2 மீட்டர் அகலப் படத்திற்கு 3 மீட்டர் தூரம் வேண்டும். நம் அறையின் நீளத்தை அளந்துகொண்டு போனால் இந்தக் கணக்கைக் கடையிலேயே போட்டு விடலாம். அளக்காமல் வாங்கிவந்து, அறை போதாமல் பெட்டியை வாசற்படியில் வைத்துப் படம் காட்டுகின்றவர்களை நாம் பார்த்திருக்கின்றோம்.

"கீஸ்டோன்" என்பது இன்னொரு சொல். பெட்டியைத் தாழ வைத்து மூக்கை மேலே தூக்கிவிட்டால் படம் மேலே அகன்றும் கீழே குறுகியும் தெரியும். தென்காசிக் கோபுரத்தைத் தலைகீழாய் நிறுத்தினதுபோல் இருக்கும். வளைவின் உச்சியில் வைக்கும் கல்லுக்கும் அந்த உருவம் இருப்பதால் அந்தக் கல்லின் பெயரை இதற்கு வைத்தார்கள். பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தி இதை நேராக்கலாம். ஆனால் அப்படிச் செய்யும்போது ஓரத்துப் புள்ளிகள் வீணாகின்றன. பெட்டியை முதலிலேயே நேராக, சரியான உயரத்தில் வைப்பதுதான் காசில்லாத வைத்தியம்.

பெயர் மயக்கம்

அங்குலம் என்பதிலும் மயக்கம் இருக்கின்றது. 100 அங்குலம் என்றால் அகலம் அல்ல. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு உள்ள தூரம். 4:3 என்ற பழைய உருவத்தில் 100 அங்குலத் திரை 80 அங்குல அகலமும் 60 அங்குல உயரமும் ஆகும். 16:9 என்ற புது உருவத்தில் அதே 100 அங்குலம் சுமார் 87 அங்குல அகலமும் 49 அங்குல உயரமும் ஆகும். பெருக்கிப் பார்த்தால் புதியதில் பரப்பு பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. அங்குலம் ஒன்றுதான், துணி ஒன்றல்ல.

எல்.இ.டி. டெலிவிஷன் என்று விற்பதில் பெரும்பாலானவை எல்.சி.டி. டெலிவிஷன்களே ஆகும். படத்தைக் காட்டுவது எல்.சி.டி. தகடு, அதன் பின்னால் எரியும் விளக்குதான் எல்.இ.டி. அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில் நாடகம் நடந்தால் அரிக்கன் விளக்கே நடித்தது என்று சொல்லுவோமா? ஓ.எல்.இ.டி. என்பதோ வேறு. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணைகின்றது. ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். விலையிலோ வெகு வித்தியாசம்.

பொதுக்கூட்டங்களிலும் திருவிழாக்களிலும் வைக்கின்ற எல்.இ.டி. சுவருக்கும் ஒரு கணக்கு உண்டு. பி10 என்றால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 10 மில்லி மீட்டர். பி3 என்றால் 3 மில்லி மீட்டர். 3 மீட்டர் அகலமுள்ள பி10 சுவரில் குறுக்கே 300 புள்ளிதான் இருக்கும். பி3 சுவரானால் 1000 இருக்கும். எத்தனை மில்லி மீட்டரோ சுமார் அத்தனை மீட்டராவது தள்ளி நின்று பார்த்தால்தான் படம் கூடி வரும் என்பது தொழில் செய்கின்றவர்கள் கைக்கொள்ளும் குத்துமதிப்பு. இது தெரியாமல் சிறிய மண்டபத்திற்குப் பி10 சுவரை வாடகைக்குப் பிடித்துவிட்டு, "முகமே தெரியவில்லையே" என்று கூட்டம் நடத்துகின்றவர்கள் சண்டை போடுகின்றார்கள்.

விளக்கின் ஆயுள் 20,000 மணி என்றால் அத்தனை மணியும் புதிதாய் எரியும் என்று அர்த்தமல்ல. பிரகாசம் பாதியாய்க் குறையும் வரைக்கும் உள்ள காலத்தையே பெரும்பாலும் அப்படிச் சொல்லுகின்றார்கள். 4,000 மணி ஓடும் பாதரச விளக்கைத் தினம் இரண்டு மணி வீதம் ஓட்டினால் ஐந்தரை வருஷத்தில் விளக்கு மாற்ற வேண்டும். அதன் விலையையும் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டாமா?

சொல் வேண்டுமா, பொருள் வேண்டுமா?

இவ்வளவையும் படித்த சிலர், "ஆங்கிலச் சொற்களாய் இருப்பதால்தானே விளங்கவில்லை? எல்லாவற்றையும் தமிழாக்கி விட்டால் தீர்ந்து போகுமே" என்று சொல்லக்கூடும். தமிழில் சொல் வேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. அதற்கு உழைத்தவர்களை நாம் மறக்கவும் இல்லை. யாழ்ப்பாணத்தில் சாமுவேல் பிஷ் கிரீன் என்னும் அமெரிக்க வைத்தியர் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழில் எழுதி, தமிழிலேயே வைத்தியர்களைப் பழக்கினார். தென்காசி அப்பொழுது சேர்ந்திருந்த திருநெல்வேலி ஜில்லாவிலேயே இ.மு. சுப்பிரமணிய பிள்ளை முதலியவர்கள் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் பேரால் முயன்று, 1936இல் விபுலாநந்த அடிகள் தலைமையில் சென்னையில் அறிஞர்களைக் கூட்டி, 1938இல் "கலைச்சொற்கள்" என்ற புத்தகத்தை வெளியிட்டார்கள். பின்னால் மணவை முஸ்தபா அவர்கள் தனி மனிதராகவே அகராதி அகராதியாய்த் தொகுத்துக் கொடுத்தார். இவர்கள் செய்தது பெரிய தொண்டு.

ஆனால் ரெசல்யூஷன் என்பதைப் பிரிதிறன் என்று மாற்றிவிட்டு, பிரிதிறன் என்றால் என்ன என்று விளக்காமல் விட்டால் பழைய மந்திரம் போய்ப் புது மந்திரம் வந்ததே தவிர வேறு லாபம் என்ன? இங்கிலீஷ் படித்தவர்களுக்கு மாத்திரம் லூமென் விளங்குகின்றதா? அந்தக் கடையில் பெட்டி வாங்கின இங்கிலீஷ் படித்தவர்களும் அதே படத்தைத்தானே பார்த்திருப்பார்கள்? ஹெர்ட்ஸ் என்பது ஒரு ஜெர்மன் விஞ்ஞானியின் பெயர். அவர் பெயரை நாம் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ஒரு விநாடிக்கு எத்தனை தடவை என்பதே அதன் பொருள் என்று தெரிந்தால் போதும். மீட்டரும் லிட்டரும் இப்படியே நம் சொல்லாகி, இன்று பால்காரரும் தச்சரும் யாரையும் கேட்காமல் வழங்குகின்றார்கள். அளவுகளின் பெயர் எந்தப் பாஷையில் இருந்தாலும், அளந்து பார்க்கும் உரிமை நம் கையில் இருக்க வேண்டும்.

"பெட்டி ஓடினால் போதும், உள்ளே இருப்பது நமக்கு எதற்கு?" என்று கேட்கும் சோம்பேறி வாதமும் ஒன்று உண்டு. உள்ளே இருப்பதையெல்லாம் எல்லோரும் கற்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. துணி வாங்குகின்றவன் நெசவு கற்க வேண்டியதில்லை. ஆனால் முழத்திற்கும் சாணுக்கும் வித்தியாசம் தெரியாதவன் துணி வாங்கப் போகலாமா?

செய்ய வேண்டியது

2024ஆம் வருஷம் முதல் சர்க்கார் தொடக்கப் பள்ளிக்கூடங்களில் திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கப்பட்டு வருகின்றன. மிகவும் நல்ல காரியம். அது பொது ஜனங்களின் வரிப்பணம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்களுக்கு இடம் இருக்கின்றது. அதில் இருக்கின்றவர்கள் மாலை மரியாதைக்கு மாத்திரம் போகாமல், கடைசிப் பலகையில் உட்கார்ந்து, ஜன்னல் திறந்திருக்கும்போது திரையிலுள்ள எழுத்து தெரிகின்றதா என்று பார்த்துவிட்டு வரவேண்டும். அதற்கு எந்தப் பட்டமும் வேண்டியதில்லை. கண் இருந்தால் போதும்.

கடைக்குப் போகின்றவர்கள் ஆறு கேள்விகளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போகட்டும். ஆன்சி அல்லது ஐ.எஸ்.ஓ. லூமென் எத்தனை? வர்ணத்தில் எத்தனை? சொந்தப் புள்ளி எத்தனைக்கு எத்தனை? எங்கள் அறையின் தூரத்தில் படம் எவ்வளவு அகலம் வரும்? விளக்கு என்ன விளக்கு, எத்தனை மணியில் பாதியாகும், மாற்ற என்ன விலை? இவற்றைப் பில்லில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா? கடைசிக் கேள்விக்குத்தான் பலம் அதிகம். வாயால் சொல்லும்போது ஒன்பதாயிரமாய் இருக்கும் லூமென், எழுதச் சொன்னவுடன் முந்நூறாய்ச் சுருங்கிவிடும்.

ஏமாந்துவிட்டால் அதற்கும் வழி இருக்கின்றது. 2019ஆம் வருஷத்திய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொய் விளம்பரத்தைக் குற்றமாய் வைத்திருக்கின்றது. 1915 என்ற எண்ணுக்குப் பேசி முறையிடலாம். ஜில்லா நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்திற்குள் வழக்குக் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்ச ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமும் இல்லை. அந்தப் படிப்பகத் தோழர்கள் பில்லையும், அட்டைப் பெட்டியையும், அந்தக் கடைசிப் பக்கத்தையும் படமெடுத்து வைத்து முறையிட்டிருக்கின்றார்கள். பணம் திரும்பி வருமோ வராதோ நாம் சொல்ல முடியாது.

ஆனால் அதற்குள் வேறொரு காரியம் நடந்திருக்கின்றது. அந்தப் பெட்டியை எறிந்துவிடாமல், படத்தை நான்கடி அகலத்திற்குச் சுருக்கி, திரைக்கு வரும் வெளிச்சத்தை மறைத்து, பெரிய எழுத்தில் தாங்களே எழுதிய பாடங்களை இரவு வேளையில் காட்டி வருகின்றார்கள். முதல் பாடம் என்னவென்று கேட்டோம். "லூமென் என்றால் என்ன?" என்பதாம். பாடம் நடத்தினது யாரென்று கேட்டோம். அந்த ஒன்பதாவது வகுப்புப் பெண் குழந்தையாம். பத்து ரூபாய் கொடுத்த தாய்மார்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்து கேட்டார்களாம்.

கேள்வி கேட்க வெட்கப்பட்டு ஏமாந்த ஓர் ஊர், கேள்வி கேட்டதனால் ஒரு பாடத்தைச் சம்பாதித்துக் கொண்டது. பதினெட்டாயிரம் ரூபாய்க்கு அது அதிக விலைதான். மற்ற ஊர்க்காரர்கள் அந்த விலையைக் கொடுக்காமலே அதைப் பெற்றுக்கொள்ளட்டும் என்பதற்காகவே இவ்வளவும் எழுதினோம். இனி எந்தக் கடையிலாவது, எந்த ஆபீசிலாவது, எந்த மேடையிலாவது "சொன்னாலும் உங்களுக்கு விளங்காது" என்று ஒருவர் சொன்னால், "எங்களுக்கு விளங்குமோ விளங்காதோ, முதலில் நீங்கள் சொல்லுங்கள் பார்ப்போம்" என்று உட்கார்ந்துகொள்ள வேண்டியது. அவருக்கே விளங்காதது பல சமயங்களில் அப்போது வெளியாகிவிடும்.